குளிரட்டிக்கு யாருக்கு அவசரம்?

மாங்கோட்டை சமஸ்தானத்தில் இரண்டு ரயில் பாதைகள். ஒன்று கிழக்கே சங்குத்துறைக்கு. தட்டையான மணல் பூமி. இன்னொன்று மேற்கே மலையேறிக் குளிரட்டிக்கு. இரண்டிலும் ரயில் நடந்துதான் போகும் என்று ஊரில் கேலி உண்டு.

சீமைக்குப் போய்வந்த மகாராஜா சொக்கலிங்க பூபதிக்கு, அங்கே பார்த்த வேக ரயில் மனசை விட்டு இறங்கவில்லை. "குளிரட்டிக்கு அப்படி ஒன்று விடுவோம். ஒரு நாள் பயணம் ஒன்றரை மணி நேரமாகட்டும்" என்றார்.

திவான் வெங்கோபராவ் உடனே வரைபடத்தை விரித்தார். "வேக ரயில் வளைந்து நெளிந்து போகாது, மகாராஜா. நேர்கோடு வேண்டும். குறுக்கே சாலியர் தெரு நிற்கிறது. அறுபது தறி. இடித்துவிடலாம்."

சபையில் எல்லாரும் தலையாட்டினார்கள். ராஜாவின் பேச்சுத்துணை குற்றாலம்பிள்ளை மட்டும் கனைத்தார்.

"என்ன பிள்ளை, தொண்டையில் என்ன?"

"சந்தேகம், மகாராஜா. வேகம் ரயிலுக்கு வேண்டுமா, ஏறுகிறவனுக்கு வேண்டுமா?"

"ஏறுகிறவனுக்குத்தான். யார் வேண்டாம் என்பான்?"

"கேட்டால் எல்லாரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்க வேண்டாம். இரண்டு பாதையிலும் நடுவழியில் ரயிலை ஒரு மணி நேரம் நிறுத்துவோம். மகாராஜா மாறுவேஷத்தில் மூன்றாம் வகுப்பில் வந்து பாருங்கள். மலைப்பாதையில் ஜனம் துடித்தால் தறிகளை நானே சுமந்து வெளியே வைக்கிறேன்."

முதலில் சங்குத்துறை ரயில். நின்று ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மீன்காரி ஒருத்தி எஞ்சின் டிரைவரின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "கூடையில இருக்கறது கருவாடு இல்லைய்யா, மீனு. எப்ப வண்டிய எடுப்பே?" கோர்ட்டில் வழக்கு இருந்தவர் கல்லைத் தேடினார். ராஜா பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

மறுவாரம் புதன்கிழமை, குளிரட்டி ரயில். ஓர் ஓடையோரம் நின்றது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிப்பேர் குளிக்க இறங்கினார்கள். மீதிப்பேர் மர நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். ஒரு ஜாதகம் கைமாறியது.

சாலியர் தெரு முத்துவடிவு, பக்கத்தில் வெறுங்கையோடு இருந்த ராஜாவுக்கும் இலை போட்டாள்.

"வண்டி நிற்கிறதே, உனக்கு அவசரம் இல்லையா அம்மா?"

"என்ன அவசரம் அண்ணாச்சி? தங்கச்சி மக காதுகுத்து வெள்ளிக்கிழமை. முந்திப் போனா மாவாட்ட உட்கார வச்சிருவாங்க." புளிசாதத்தை வைத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "திரும்பி வரும்போது எங்க தெரு இருக்கணும். அதுதான் கவலை. ஏதோ வேக ரயிலாமே."

ராஜா குனிந்து சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். வத்தலைக் கடித்தார். விசில் ஊதிற்று. கார்டு பச்சைக்கொடியோடு ஓடி வந்தார்.

"இருய்யா," என்றார் ராஜா, இலையை மறைத்துக்கொண்டு. "ஊர் எங்கே ஓடிப்போகுது? இன்னும் தயிர்சாதம் வரலை."

பிள்ளை அவர் காதோரம் குனிந்தார். "மகாராஜா, இந்தப் பாதையில் அவசரப்பட்டவர் ஒரே ஒருத்தர்தான். அவரும் இப்போது இறங்கிவிட்டார்."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. முத்துவடிவு உச்சந்தலையில் தட்டினாள். மூச்சு வந்ததும் பிள்ளையிடம் மெல்லச் சொன்னார்: "வேக ரயில் சங்குத்துறைக்கு ஓடட்டும். சாலியர் தெருப் பக்கம் திவானுடைய பென்சில்கூடப் போகக் கூடாது." பிறகு, மாறுவேஷத்துக்காகக் கழற்றி மடியில் முடிந்திருந்த மோதிரத்தைப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க எடுக்கப் போனார். விரலெல்லாம் புளி.

"கையைக் கழுவிவிட்டுத் தருகிறேன், பிள்ளை."

"அவசரமில்லை, மகாராஜா."