ஜெபமாலையின் மறுபாதி

"நாலு வருஷமா ஜெபமாலை சொல்லுதேன் சிஸ்டர். மாதா காதுல விழவே இல்ல," என்றார் உபதேசியார் இஞ்ஞாசி.

சிஸ்டர் எமரன்சியா மடத்துச் சமையல்கட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அவருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவரே இந்த உபதேசியார்தான். இப்போது மனசுக்கு ஒன்று என்றால் ஊரே இந்தச் சிஸ்டரைத் தேடி வருகிறது. உபதேசியாருக்கு அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கடுப்பு.

உபதேசியாரின் தம்பி சந்தியாகு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில் அவன் சுவர் எழுப்பினான். இவர் நாலு பேர் முன்னால் அவனைத் திருடன் என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது, நாளை விடிந்தால் சந்தியாகுவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைத்தால் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவன் மனசு மாறணும்னு தினமும் அம்பத்துமூணு மணியும் உருட்டுதேன். ஒரு வார்த்தை பேசாமலே போயிருவானோன்னு பயமா இருக்கு."

"இப்ப ஒண்ணு சொல்லுவோமா?" என்றார் சிஸ்டர்.

உபதேசியார் கண்ணை மூடினார். அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். ஒருவர் முதல் பாதி சொன்னால் அடுத்தவர் மறுபாதி சொல்வதுதான் எந்த வீட்டிலும் வழக்கம்.

சிஸ்டர் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

உபதேசியார் மறுபடி சொன்னார். மறுபடியும் பதிலில்லை.

"மறுபாதி நீங்கல்லா சொல்லணும் சிஸ்டர்?"

"உங்க வீட்டுல யாரு சொல்லுவா?"

"வீட்டுல ஆளு ஏது? ரெண்டையும் நானே சொல்லிக்கிடுவேன்."

"முன்னால?"

அம்மா இருந்தவரைக்கும் தினமும் சாயங்காலம் மறுபாதி சொன்னது சந்தியாகுதான்.

சிஸ்டர் கீரைச் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வழி முழுக்க அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தார் உபதேசியார். கேட்டதற்கு ஒரு பதில் சொல்லத் தெரியவில்லை, இதெல்லாம் ஒரு சிஸ்டர். தம்பி வீட்டு வாசல் வந்ததும் கால் நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளே போனார்.

தம்பி மனைவி ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் பதறி எழுந்தாள். கட்டிலில் கிடந்த சந்தியாகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட உபதேசியாருக்கு நாக்கு எழவில்லை. கட்டிலோரம் முழங்காலிட்டார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். முதல் பாதியைச் சொன்னார்.

பழக்கதோஷத்தில் மறுபாதியும் வாய்க்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

காத்திருந்தார். முழங்கால் வலித்தது. அழுகை வந்தது. அப்படியும் அவர் சொல்லவில்லை.

சந்தியாகு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினான்.

"உபதேசியாரே இப்படி நடுவுலருந்து தொடங்கலாமா? சிலுவை போட்டு, முதல்லருந்து சொல்லுண்ணே."