சென்னியப்பனின் புகையில்லாக் கார்

கோரக்காட்டுப்புதூர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால், சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார்கள். அந்த ஊர் உருப்படாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த ஊரில் சென்னியப்பன் என்பவர் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கக் கிளம்பினார். எதிராளி அவருடைய பங்காளி மாரப்பன் ஒருவன்தான். பதினைந்து வருஷமாக நாற்காலி அவனிடமே இருந்தது. ஒன்றிய அலுவலகத்தில் வேட்புமனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள், மூன்று மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். மனு போய்ச் சேராவிட்டால் மாரப்பன் போட்டியே இல்லாமல் ஜெயித்துவிடுவான். அதை நினைக்கும்போதெல்லாம் சென்னியப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஜெயித்தால் ‘புகையில்லா ஊராட்சி’ அமைப்பதாக அவர் நோட்டீஸ் அடித்திருந்தார். அதை எப்படிச் செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது, தேர்தலுக்கு அது போதும்.

மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மணிக்குக் காரில் ஏறினார். மாமனார் கொடுத்த கார், வயது முப்பத்தைந்து, விடுகிற புகை செங்கல் சூளைக்குச் சமம். ஓட்டுவதற்குக் காளியண்ணன், கோஷம் போட ஆறுச்சாமி, எதற்கென்று தெரியாமல் வெள்ளியங்கிரி. மனுக் கொடுத்ததும் வெடிப்பதற்கு டிக்கியில் ஆயிரம் வாலா இரண்டு கட்டு.

பக்கத்து ஊர் டீக்கடை கண்ணில் பட்டதும் சென்னியப்பன் பதறினார். அங்கே மாரப்பனின் ஆட்கள் செல்போனோடு நின்றிருந்தார்கள்.

“காளியண்ணா, நிறுத்து! நம்ம கார் புகையைப் போட்டோ எடுத்தானுங்கன்னா மானம் போயிரும். ஒரு இழை புகைகூட வெளிய வரப்படாது, ஆமா!”

“சரிங்ணா.”

காளியண்ணன் இறங்கினான். தலைவரின் தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்தான். தண்ணீரில் நனைத்து, சுருட்டி, சைலன்சர் வாயில் திணித்து, குச்சியால் இடித்துக் கெட்டித்தான். கார் டீக்கடையைக் கடந்தபோது பின்னால் புகை இல்லை. சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் கரட்டு மேடு வந்தது. பாதி ஏறியதும் கார் முனகியது, இருமியது, அப்புறம் நகர மாட்டேன் என்றது.

“மிதிடா!”

“மிதிச்சுட்டுத்தானுங்ணா இருக்கறேன். இதுக்கு மேல மிதிச்சா காலு ரோட்டுல போயி நிக்கும்.”

நான்கு பேரும் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார்கள். பின்பக்கம் வந்தபோது பச்சைத் துண்டின் முனை தெரிந்தது. “நல்லா அடைச்சிருக்கறே” என்று ஆறுச்சாமி பாராட்டினான். பிறகு எல்லோரும் முன்பக்கம் போய்க் கோளாறைத் தேடினார்கள்.

தலைவரின் போனில் மெக்கானிக் ஜபார் பாயைக் கூப்பிட்டார்கள்.

“திடீர்னு இழுவை போயிருச்சுங்களா? மொதல்ல ஏர் பில்டரைக் கழட்டித் தட்டிப் பாருங்க” என்றார் பாய்.

கழற்றினார்கள். யார் தட்டுவது என்று கேள்வி வந்தது. முதல் தட்டு தலைவர் கையால்தான் என்று முடிவாகி, சென்னியப்பன் தட்ட, மற்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்துத் தட்டுவது மூத்தவன் வெள்ளியங்கிரியா, முதலில் கட்சிக்கு வந்த ஆறுச்சாமியா என்பதில் கால்மணி போனது. எல்லோரும் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல சத்தந்தானுங்க வருது பாய்” என்றார்கள்.

பாய் பெருமூச்சு விட்டார். “அதை மாட்டிட்டு, வண்டியில பாரத்தைக் குறைச்சு ஏத்திப் பாருங்க.”

ஸ்டெப்னியைக் கழற்றிக் காட்டுக்குள் உருட்டிவிட்டார்கள். பட்டாசில் கை வைக்கச் சென்னியப்பன் விடவில்லை. ஆறுச்சாமி தலையைச் சொறிந்தான்.

“அண்ணன் தப்பா நெனைக்கப்படாது. மிச்சம் இருக்கறதுல பெரிய பாரம் அண்ணந்தானுங்க.”

“தலைவரைப் போயிப் பாரம்னு சொல்றதாப்பா?” என்றான் வெள்ளியங்கிரி.

“நான் சொல்லல, பாய் சொன்னாரு.”

“அப்ப ஓட்டுக்கு உட்டுருவோம்.”

ஓட்டு நடந்தது. இறக்குவதற்கு மூன்று ஓட்டு, இறக்கக் கூடாது என்பதற்கு ஒன்று, அதுவும் சென்னியப்பன் போட்டது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. தம் ஆட்களே தம்மைத் தோற்கடித்ததைத் தாங்க முடியாமல், போனைக்கூடத் திரும்ப வாங்காமல், மேட்டில் ஏறி மறுபக்கம் நடந்தார்.

கோபத்தில் நடந்தவருக்குத் தூரம் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒன்றிய அலுவலகம். கடிகாரத்தில் இரண்டே கால்.

“மனுக் கொடுக்கவா? உள்ள போங்க. கூட்டமே இல்லை” என்றார் வாசலில் இருந்த காவலர்.

சென்னியப்பன் ஒரு காலைப் படியில் வைத்தார். அந்த நேரத்தில் ஆறுச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அண்ணா! பொகை என்ன கலருன்னு பாய் கேட்டாருங்ணா. பொகையே வர்லீங்கன்னோம். அந்தக் காருலயான்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்பறம் சைலன்சர் வாயில என்ன இருக்குதுன்னாரு. அண்ணன் துண்டுன்னோம். அதை உருவுங்கடாங்கறாரு.”

“உருவிட்டீங்களா?”

“அதெப்படிங்ணா? பொகை வரப்படாதுன்னது அண்ணன். அண்ணன் சொல்லாம உருவுவமா?”

சென்னியப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஓட்டுப் போட்டு இறக்கியதை அந்த நொடியே மன்னித்தார். பிறகு தம்மை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வேர்த்துப்போன சட்டை, புழுதிக் கால், துண்டில்லாத தோள்.

“உருவப்படாது. நானும் இப்பிடி நடந்து போயி மனுக் குடுத்தா எவன் மதிப்பான்? தலைவர்னா கார்ல வந்து எறங்கோணும். வா போலாம்.”

“ஐயா, மனுவைக் கொடுத்துட்டுப் போங்களேன்!” என்று காவலர் கத்தினார். ஆனால் காவலரிடமிருந்து கட்டளை வாங்குகிறவரா சென்னியப்பன்?

மேட்டுக்குத் திரும்பி, காரில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கும்பிட்டபடி உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் தள்ளினார்கள். துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மேடு ஏறி, இறங்கி, கார் அலுவலக வாசலில் நின்றபோது மணி மூன்றே கால். கதவு சாத்தியிருந்தது. மாரப்பன் கழுத்தில் மாலையோடு நின்றான். பக்கத்தில் அவனுடைய ஆள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

சென்னியப்பன் காரிலிருந்து இறங்கினார். காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

“நல்லா எடுத்துக்கடா போட்டோ! ஒரு இழை பொகை வருதா? செயிச்சவனெல்லாம் வாக்குறுதியைக் காத்துல உடுவான். நான் மனுவே குடுக்காம நிறைவேத்தியிருக்கறேன்!”

ஆறுச்சாமி உணர்ச்சிவசப்பட்டு, “தலைவர் வாழ்க!” என்று கத்திவிட்டு, டிக்கியைத் திறந்து ஆயிரம் வாலா இரண்டையும் கொளுத்தினான்.

அலுவலகம் மறைந்தது, மாரப்பன் மறைந்தான், காரும் மறைந்தது. புகைக்குள் செல்போன் வெளிச்சம் மட்டும் பளிச் பளிச்சென்று அடித்தது.

“அய்யோ, பொகை! காளியண்ணா, அடைடா, அடை!” என்று அலறினார் சென்னியப்பன்.

துண்டு ஏற்கெனவே சைலன்சரில் இருந்தது. காளியண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, “சரிங்ணா” என்று சொல்லித் தலைவரின் வேட்டியை உருவினான்.