கரையில் நிற்க ஓர் ஆள்

மலையடிவாரத்தில், ஓர் ஓடைக்கரையில், திருமேனி வைத்தியர் கட்டி நோய்க்கு மருந்து கொடுத்துவந்தார். அவருடைய சீடர் சபாரத்தினம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நகரத்தில் நெடுங்காலம் தர்க்கம் கற்பித்தவர். தமக்குத் தெரியாதது உலகத்தில் வைத்தியம் ஒன்றுதான் என்று ஒருநாள் கண்டுபிடித்து, அதையும் முடித்துவிட வந்திருந்தார்.

வருகிறவர்களிடம் ஏழு கேள்வி கேட்டு ஓலையில் எழுதுவது அவர் வேலை. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, கல்லாய் இறுகியதா களிமண்ணாய் இளகியதா என்று நூல் சொன்ன ஏழு. எட்டாவதுக்கு நூலில் இடமில்லை.

தை மாதம் ஒரே நாளில் இரண்டு பெண்கள் வந்தார்கள். குப்பாயிக்கு மார்பில் எலுமிச்சை அளவு. பூவாத்தாளுக்குப் பாக்கு அளவு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே கஞ்சி.

"நூல்படி நீ பிழைத்துவிடுவாய் அம்மா. குப்பாயியைத்தான் சொல்ல முடியாது" என்று சபாரத்தினம் பூவாத்தாளுக்கு வாக்குக் கொடுத்தார்.

சித்திரையில் குப்பாயி குணமாகித் தன் வீட்டுக்குப் போய் நெல் குத்திக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்தாள்.

சபாரத்தினம் வைத்தியரிடம் போனார். "ஐயா, எப்போது எழுந்து நடப்பேன் என்று கேட்கிறாள். நான் எங்கே பிசகினேன்?"

வைத்தியர் அவளுடைய ஓலையை வாங்கிப் பார்த்தார். கடைசி வரி அடிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன ஓய்?"

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரி உடைந்து அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்களாம். அன்றிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறாளாம். ஒழுங்காகத் தூங்கியதே இல்லையாம். கட்டிக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துவிட்டேன்."

"நேர்த்தியாகத்தான் அடித்திருக்கிறீர். கோடு கொஞ்சமும் வளையவில்லை."

வைத்தியர் ஒரு கைமணியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மேல்மலையில் மேகம் திரள்கிறது. போய் ஓடைக்கரையில் நில்லும். தண்ணீர் முழங்காலுக்கு ஏறினால் அடியும். உட்காராதீர். கண்ணை எடுக்காதீர். குடிசைகளில் படுத்திருக்கிறவர்களால் எழுந்து ஓட முடியாது."

ஓடையில் கணுக்கால் நனையத்தான் தண்ணீர் இருந்தது. முதல் நாழிகை சபாரத்தினம் அதைப் பார்த்துச் சிரித்தார். உச்சிவேளைக்குச் சிரிப்பு போய்விட்டது. கூழாங்கல் புரண்டாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கொண்டுவந்து கொடுத்த கஞ்சி ஆறிப்போனது. வளைவுக்கு அப்பால் ஏதோ தொப்பென்று தண்ணீரில் விழவும் மணியை அடித்தேவிட்டார். ஓர் எருமை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

பொழுது சாயும்போது வைத்தியர் வந்தார்.

"வெள்ளம் வந்ததா?"

"வரவில்லை."

"பின்னே ஏன் கஞ்சி அப்படியே இருக்கிறது?"

சபாரத்தினம் அப்போதும் ஓடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேகம் காலையிலேயே கலைந்துவிட்டது, ஓய். நீர் நின்றது ஒரு பகல்."

ஒரு பகலிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் போகத் தர்க்கம் படித்தவருக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. அவர் மெல்ல மணியைத் தரையில் வைத்தார்.

"ஏரி உடைந்தது முடிந்துபோன விஷயம் என்று அவளிடம் சொல்வோமே, ஐயா."

"பன்னிரண்டு வருஷமாக ஊரே சொல்லியிருக்கும். மேகம் கலைந்துவிட்டது என்று மத்தியானம் யாராவது வந்து சொல்லியிருந்தால், நீர் கண்ணை எடுத்திருப்பீரா?"

"எடுத்திருக்க மாட்டேன்."

வைத்தியர் பூவாத்தாளின் குடிசைப் பக்கம் பார்த்தார். "அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் இந்த இடம் தெரியும். அங்கே யாரு நிக்கிறது என்று காலையில் கேட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறோம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்னும் தூங்குகிறாள்."

"ஐயோ, நான் மணியடித்தேனே!"

"போய்ப் பார்த்தேன். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. 'அவரு பாத்துக்குவாரு, நீங்க போங்க' என்றாள்."

சபாரத்தினத்தின் முகம் மலர்ந்தது. குனிந்து மணியை எடுத்துக்கொண்டார். "அப்படியானால் நாளைக்கும் நிற்கிறேன். ஒரு மாதம் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். பிழைத்துவிடுவாள் அல்லவா?"

வைத்தியர் ஆறிப்போன கஞ்சிக் கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நில்லும்" என்றார். "ஆனால் ஏரி உடைந்த மறுநாளே யாராவது வந்து நின்றிருக்க வேண்டும்."