சீரியலில் வந்த தண்ணீர்

ஆவுடையப்பனுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி, அவருடைய கல்யாண மண்டபத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான். போன முகூர்த்தத்தில் பந்தி நடுவே அது காலியாகி, மாப்பிள்ளையின் தாய்மாமன் பன்னீர் சோடாவில் கை கழுவினார். இன்னொரு தடவை அப்படி ஆனால் மண்டபத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

தங்கை மகள் செண்பகவல்லி என்ஜினீயர். தொட்டிக்குள் ஒரு சென்சாரை மாட்டி, ஒயரை இழுத்து மண்டபத்து ஆபீஸ் லேப்டாப்பில் சொருகிவிட்டுக் கோயம்புத்தூருக்கு ரயிலேறினாள். அடுத்த கல்யாணத்தன்று காலையில் போனில் விளக்கினாள்.

"மாமா, தண்ணி எவ்வளவு இருக்குன்னு சென்சார் நம்பரா அனுப்பும். அது சீரியல்ல வரும். லேப்டாப் அதை வாங்கித் தொட்டியைப் படமா வரைஞ்சு காட்டும்."

ஆவுடையப்பன் உடனே தம்பிகள் பூலிங்கத்தையும் கோமதிநாயகத்தையும் கூட்டிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். சீரியலில் மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"தண்ணி இருக்குண்ணே" என்றான் பூலிங்கம்.

"ஒரு கண்ணுலதான வருது? அரைத் தொட்டின்னு வச்சுக்கோ" என்றான் கோமதிநாயகம்.

ஆவுடையப்பன் நிதானமானவர். "அவசரப்படாதீங்கல. விளம்பரம் முடியட்டும், அடுத்த கண்ணையும் பாத்துருவோம்."

விஷயம் தெரிந்ததும் செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "டிவி சீரியல் இல்ல மாமா! நம்பரெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒயர்ல வர்றதுக்குத்தான் அந்தப் பேரு. லேப்டாப்ல என்ன தெரியுது?"

"கட்டம் கட்டமா, கேள்விக்குறியா வருது தாயி. தண்ணிக்கு நம்ம மேல ஏதோ சந்தேகம் போல."

"சென்சார் பக்கமும் லேப்டாப் பக்கமும் ஒரே வேகத்துல ஓடணும் மாமா. இல்லாட்டி அப்படித்தான் குழம்பும்."

பூலிங்கம் மாடியில் தொட்டியைச் சுற்றி ஓடினான். கோமதிநாயகம் கீழே லேப்டாப்பைச் சுற்றி ஓடினான். ஆனாலும் கேள்விக்குறி போகவில்லை. ஆவுடையப்பன் படியேறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"அவனுக்கு ஒரு செருப்பு அறுந்துபோச்சுல. நீயும் ஒண்ணைக் கழத்திட்டு ஓடு."

வேகம் ஒன்றானது. படம் மட்டும் வரவில்லை. மறுபடி போன் போட்டார்கள். செண்பகவல்லி அங்கிருந்தபடியே இணையம் வழியாக லேப்டாப்புக்குள் நுழைந்து வேகத்தைத் திருத்தினாள்.

"இப்ப நம்பர் சரியா வருது. ஆனா இன்னொரு புரோகிராமும் அதையே கேட்டுக்கிட்டிருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் கேக்க முடியும். மத்ததை மூடுங்க மாமா."

ஆவுடையப்பன் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, ஒரு ஆள்தான் கேக்கணுமாம். மத்தவங்க தயவுசெய்து காதை மூடிக்கோங்க!"

மண்டபமே காதைப் பொத்தியது. நாதஸ்வரக்காரர் பொத்தினார், தவில்காரர் பொத்தினார். தாலியைத் தட்டில் வைத்துவிட்டு மாப்பிள்ளையும் பொத்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் தொண்டை கிழியக் கத்தினார், கேட்கத்தான் ஆளில்லை. முகூர்த்தம் நழுவுவதைப் பார்த்த மணப்பெண், மாப்பிள்ளையின் கையைக் காதிலிருந்து பிடுங்கித் தாலியைத் திணித்தாள்.

அதற்குள் செண்பகவல்லியே அந்த இன்னொரு புரோகிராமை மூடிவிட்டாள். திரையில் தொட்டி தோன்றியது. அதற்குள்ளே விளிம்பு வரை நீலத் தண்ணீர். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு மாமா" என்றாள் அவள். "அந்த நீலம் கீழே போயிடாம பாத்துக்கோங்க."

பந்தி தொடங்கியது. நீலம் இறங்கியது. சாம்பாரில் பாதி, ரசத்தில் கால், பாயசம் வந்தபோது அடியில் ஒரு கோடுதான் மிச்சம். அண்ணன் தம்பி மூவரும் வியர்த்து நின்றார்கள்.

"கீழே போகக் கூடாதுன்னா மேலேதான இருக்கணும்?" என்றான் கோமதிநாயகம். சொன்ன கையோடு லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினான்.

நீலம் உச்சிக்குப் போனது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கவிழ்ந்த தொட்டி ஒழுகிவிடப் போகிறதே என்று பூலிங்கம் ஓடிப்போய் ஒரு வாளியைக் கீழே வைத்தான்.

வெளியே குழாயில் காற்று மட்டும் வந்தது. எச்சில் கையோடு சம்பந்தி வீட்டார் ஆபீஸ் வாசலில் கூடிவிட்டார்கள்.

"தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு" என்றார் ஆவுடையப்பன், வாளியை எட்டிப் பார்த்தபடி. "இன்னும் முதல் சொட்டே விழல."