எட்டுக் கேன் தண்ணீர்

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஓர் ஊரில் ஏழு உப்பளங்கள். ஏழிலும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தார்கள். தாகம் இல்லாமல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்ற சமதரை. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. காலையில் பாத்தியில் இறங்கினால் மதியம் ஒரு மணிவரை அடக்கிக்கொண்டே உப்பு வாருவார்கள். நாற்பது வயதுக்குள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது.

இதை ஆராய டாக்டர் நம்பிராஜன் வந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். அடுத்தடுத்த இரண்டு அளங்களை எடுத்துக்கொண்டார். வடக்கு அளத்தில் ஓலைப்பந்தல், குடிதண்ணீர்க் கேன், ஒரு கழிப்பறை, மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் ஓய்வு. தெற்கு அளம் எப்போதும்போல. இரண்டிலும் தலா இருபத்து நான்கு பெண்கள். தொடக்கத்தில் இரண்டிலும் தலா ஒன்பது பேருக்கு இரத்தச் சோதனை சரியாக இல்லை. பருவம் முடிந்து சோதிக்கும்போது தெற்கைவிட வடக்கு நன்றாகத் தேறியிருந்தால், ஏழு அளங்களிலும் இதையெல்லாம் செய்து தருவதாக முதலாளிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா கேக்கிறேன்," என்றார் டாக்டர். "இந்தத் தண்ணி இந்த அளத்துக்கு மட்டும். வரப்பு தாண்டக் கூடாது. தாண்டிட்டா எது எதனால ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாமப் போயிரும். ஒரு வருஷம் பொறுத்தா எல்லாருக்கும் கெடைக்கும்."

வடக்கு அளத்துப் பெண்கள் சரியென்றார்கள். அவர்களில் ஒருத்தி செல்வக்கனி.

செல்வக்கனியின் அண்ணன் மனைவி இசக்கியம்மாள் தெற்கு அளத்தில். இருவரும் ஒரே வீடு, ஒரே உலை. ஒரே வேனில் வந்து இறங்கி, வரப்பில் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். தெற்கின் ஒன்பது பேரில் இசக்கியம்மாளும் உண்டு. கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும்.

செல்வக்கனி பதினோரு நாள் வாக்கைக் காப்பாற்றினாள். பன்னிரண்டாம் நாள் இரண்டு தூக்குச்சட்டியில் தண்ணீர் பிடித்து, ஒன்றைத் தெற்கே இசக்கியம்மாளிடம் கொண்டுபோனாள்.

"ஏளா, டாக்டரு வையப்போறாரு."

"அவரு மாசம் ஒருக்காத்தான வாராரு. குடி மயினி."

"குடிச்சா எங்க போவ?"

"எங்க கக்கூஸுக்கு வா. ஒன்னைய விடக்கூடாதுன்னு கதவுல எழுதியா போட்டிருக்கு?"

இசக்கியம்மாள் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "மாசாமாசம் எம் மூத்திரத்தப் புட்டியில அடைச்சுக் கொண்டு போறாரே, அதுலயும் உப்பு வெளைய வைக்கப் போறாரோ என்னமோ."

ஒரு மாதத்துக்குள் தெற்கு அளம் முழுவதும் வடக்கே வந்து குடித்தது; ஓய்வு மணிக்குப் பந்தலில் உட்கார்ந்தது. டாக்டர் வருகிற நாளில் மட்டும் ஒருவரும் வரப்பைத் தாண்டவில்லை.

கிராமச் செவிலியர் புஷ்பராணி வாரத்தில் மூன்று நாள் வருவார். எல்லாவற்றையும் பார்த்தார். எத்தனை கேன் தீர்ந்தது என்று எழுதுவது அவர் வேலை. ஒரு நாளைக்கு நான்கு போதும் என்றுதான் திட்டம், எட்டு தீர்ந்தது. எட்டு என்றே எழுதினார். ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் வரப்பில் காவலுக்கு ஆள் நிற்கும், தெற்கே மறுபடி நாக்கு வறளும்.

டாக்டர் அந்த எட்டைப் பார்த்தார். "நல்லாக் குடிக்கிறாங்க. சந்தோஷம் சிஸ்டர்."

பருவம் முடிந்தது. இசக்கியம்மாளின் கால் வீக்கம் வடிந்திருந்தது. மயினி தேறிவிட்டாள், இனி ஏழு அளத்துக்கும் தண்ணீர் வரும் என்று செல்வக்கனி நம்பினாள். முதலாளிகளுக்கு முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

கூட்டத்தில் டாக்டர் தாளைப் பார்த்துப் படித்தார். "ஒன்பது பேர் வடக்கில நாலாக் கொறஞ்சிருக்கு. தெற்கிலயும் நாலுதான். இந்த வருஷம் கோடை மழை பெஞ்சுது, வெயில் கம்மி. அதனாலயும் இருக்கலாம். தண்ணியாலயும் பந்தலாலயும்தான்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல." தாளை மடித்து வைத்தார்.

புஷ்பராணி கடைசி நாற்காலியில் இருந்தார். சொன்னால் செல்வக்கனிக்கு வேலை போகும், தன்னையும் கேட்பார்கள். கைப்பையின் வாரைப் பிடித்தபடி இருந்துவிட்டார்.

பந்தலைப் பிரித்தார்கள். கேன் வண்டி நின்றது. கழிப்பறைக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த பருவத்தில் இசக்கியம்மாள் பழையபடி அடக்கிக்கொண்டு உப்பு வாரினாள். ஆனியில் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்தன. ஆடி பிறக்கும்போது அவள் இல்லை.

கொடுத்த வாக்கை மீறினாள் செல்வக்கனி. தெரிந்தும் பேசாதிருந்தார் புஷ்பராணி. தாளில் இருந்ததை அப்படியே சொன்னார் டாக்டர். மூவருமே இசக்கியம்மாளுக்கு நல்லது நினைத்தவர்கள். இவர்களில் தவறியவர் யார்? எந்த நாளில்?

விடை: செல்வக்கனியைச் சொல்ல மனம் வராது. ஒரே உலையில் உண்கிறவர்களுக்கு நடுவே ஒரு வரப்பைச் சுவர் என்று நம்பியது டாக்டரின் பிழை. எட்டுக் கேனையும் யார் குடித்தார்கள் என்று கேட்காததும் அவர் பிழைதான். ஆனால் கூட்டத்தன்று அந்த அறையில் விஷயம் தெரிந்தவர் புஷ்பராணி ஒருவரே. பருவம் முழுக்க அவர் பேசாதிருந்தது சரி; அந்த மௌனத்தில் இருபத்து நான்கு பேர் தண்ணீர் குடித்தார்கள். கூட்டத்து நாளில் பேசாதிருந்தது தவறு. "தெற்கும் குடிச்சது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்னொரு வருஷம் பார்ப்போம் என்று டாக்டர் கேட்டிருப்பார்; பந்தல் நின்றிருக்கும். இதைப் புஷ்பராணியே இசக்கியம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டுக்கு வந்து செல்வக்கனியிடம் சொன்னார். பிறகு டாக்டரிடமும் சொன்னார். அவர் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கிற இரண்டு அளங்களில் இன்னொரு பருவம் பார்த்து, முதலாளிகளிடம் ஆதாரத்தைக் காட்டினார். இப்போது ஏழு அளத்திலும் பந்தல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. செல்வக்கனி இன்னும் இரண்டு தூக்குச்சட்டியில்தான் பிடிக்கிறாள்.