முழங்காலுக்குப் பாடிய கிடார்

“என் கிடார் எனக்கே கேக்கல. எனக்கே கேக்காதத நான் எதுக்கு வாசிக்கணும்? வீட்ல உக்காந்து வெங்காயம் உரிக்கலாமே!”

ஜெரால்டு சொன்னான். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றதும் அதையே ஓர் எழுத்து மாறாமல் திரும்பச் சொன்னான்.

கோவையில் ஒரு கிளப்பின் மாடி ஹால். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு சின்ன மிக்ஸர், அவ்வளவுதான் சாமான். சாயங்காலம் கச்சேரி. மிக்ஸர் முன்னால் சம்பத் உட்கார்ந்திருந்தார். நரை விழுந்த பிறகு சவுண்டு வேலை பழக வந்தவர். பழக்குகிறவள் உஷாராணி, அவரைவிட இளையவள். அவருக்கு அவள் மேடம். அவளுக்கு அவர் சார்.

சம்பத் மிக்ஸரில் கிடார் சத்தத்தை ஏற்றினார். கீபோர்டுக்காரர் தன்னுடையதைத் தானே ஏற்றிக்கொண்டார். டிரம்மர் மட்டும் சும்மா இருப்பாரா? ஓங்கி அடித்தார். நடுவில் வனஜா பாடிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்ததை வைத்துத்தான் அப்படிச் சொல்ல முடியும். அவள் மைக்கை ஏற்றியதும் ஸ்பீக்கர் ‘கீ’ என்று அலறியது.

குழுவை நடத்தும் தனபால் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, கடைசி வரிசைக்கு இந்தப் பொண்ணு பாடறது கேக்கோணும். இன்னைக்கும் கேக்கலீன்னா அடுத்த கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்.”

வனஜாவின் எதிரிலேயே சொன்னார். நாசூக்கு என்பதைச் சிலருக்குக் கடையில் வாங்கித்தான் கொடுக்கவேண்டும்.

சம்பத் உஷாராணியிடம் போனார்.

“மேடம், குரலை எப்படி ஏத்தறது? ஏத்தினா அலறுது.”

அவள் மேடைக்குப் போய் மிக்ஸருக்கு வந்த கிடார் ஒயரைப் பிடுங்கினாள். டிரம்முக்கு வைத்திருந்த மைக்கையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

“அக்கா! அதையும் புடுங்கிட்டீங்களா?” என்றான் ஜெரால்டு.

“உன் பொட்டி எங்கடா?”

அவனுடைய சொந்த ஆம்ப், கிடாருக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி, காலுக்குப் பின்னால் தரையில் இருந்தது.

“உன் முழங்காலுக்கு நல்லாக் கேக்குமே.”

டிரம்மர் சிரித்துவிட்டார். உஷாராணி ஆம்பின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு செங்கல்லைத் தள்ளினாள். பெட்டி அண்ணாந்து ஜெரால்டின் முகத்தைப் பார்த்தது.

“இப்ப வாசி.”

ஒரே ஒரு தடவை தந்தியை இழுத்தான். “ஐயையோ!” என்று குனிந்து தன் கையாலேயே குறைத்தான். அவன் குறைத்ததும் கீபோர்டுக்காரர் குறைத்தார். டிரம்மர் குச்சியை இளக்கிப் பிடித்தார்.

சம்பத் கடைசி வரிசை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

“வனஜா கேக்குது மேடம். ஆனா நான் எதையுமே ஏத்தலையே?”

“ஆமா.”

“அப்புறம் இந்த மிக்ஸர்ல எனக்கு என்னதான் வேலை?”

“கச்சேரி நடக்கட்டும், சார்.”

கச்சேரி நடந்தது. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தனபால் கடைசி வரிசைக்கும் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார், தீர்ப்புச் சொல்ல வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

வனஜா பல்லவியை நிமிர்ந்து பாடினாள். சரணத்தில் குரல் சன்னமானது. அடுத்த வரியில் இன்னும் சன்னமானது. சம்பத்தின் கை அவள் மைக்கை ஏற்றப் போனது.

“கையை எடுங்க, சார்.”

“குரல் இறங்குதே மேடம்! தனபால் பாத்துட்டிருக்காரு.”

“இறங்கல. அவ இறக்கறா.”

சம்பத் கையை மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கடைசி வரிசை நாற்காலியின் நுனிக்கு வந்தது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது.

பின்னால் சுவரோரத்திலிருந்து தனபால் மெதுவாகச் சொன்னார்:

“யாராச்சும் அந்த ஃபேனை நிறுத்துங்களேன்.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.