ராஜாவின் தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம்

செங்கோடை சமஸ்தானத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். கதைக்கு வேண்டிய அளவுக்கு அங்கே ஓர் அரண்மனை இருந்தது, ஒரு ராஜா இருந்தார், அவர் தும்மினாலும் வாழ்த்துப் பாட ஒரு சபை இருந்தது. அது போதும்.

ராஜா பூவலிங்கருக்குப் படம் பிடித்துக்கொள்வதில் தீராத பித்து. கப்பலில் வந்து இறங்கிய புதுமாதிரிக் கேமரா ஒன்றை வாங்கினார். கொஞ்ச நாளிலேயே சபையில் இருந்த அத்தனை பேரும் அதே கேமராவை வாங்கிவிட்டார்கள். ராஜாவுக்குப் பிடித்தது தனக்கும் பிடித்திருக்கிறது என்று காட்டாமல் எப்படி உத்தியோகம் பார்ப்பது?

அதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ராஜாவின் முகத்தைப் பார்த்த கேமரா இன்னொரு முகத்தைப் பார்க்கக் கூடாது. ஆகவே ஊரில் இருந்த கேமராக்கள் எல்லாம் ராஜாவை மட்டுமே படம் பிடித்தன. எந்தப் படத்தை எடுத்தாலும் அவர் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம்.

திவான் சபேசன்தான் முதலில் கண்டுபிடித்தார். இது தேஜஸ், சூரிய வம்சத்து ஒளி என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அத்தனை பேர் ஒரே குரலில் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ராஜாவும் நம்பினார். ராத்திரியில் விளக்கைக்கூடக் குறைக்கச் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

இப்படி இருக்கும்போது கேமரா கம்பெனியின் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். பெயர் ராயப்பன். சபையில் பணிவாகக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்த மாதிரிக் கேமராவில் பெட்டி சரியாகப் பொருந்தவில்லையாம். இடுக்கு வழியே வெளிச்சம் கசிந்து படத்தில் வெள்ளை வட்டம் விழுகிறதாம். தவறு கம்பெனியுடையது, எல்லாவற்றையும் இலவசமாகவே சரிசெய்து தருகிறோம் என்றார்.

சபையில் எல்லோரும் திவானின் முகத்தைப் பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். இலவசம் என்றாலே சந்தேகம் என்றார் தாசில்தார். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்பது அவர் கட்சி. நோயே இல்லாதவனுக்கு மருந்து கொடுப்பது தன்னுடைய தொழில், கம்பெனிக்காரனுக்கு அதில் என்ன வேலை என்றார் அரண்மனை வைத்தியர். தளவாய் தன் கேமராவில் பழுதே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் இன்னும் அதன் உறையையே பிரிக்கவில்லை.

திவான் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார். "மகாராஜாவின் தேஜஸைப் பழுது என்கிறான் இவன்."

ராஜாவின் முகம் சிவந்தது. சாயங்காலத்துக்குள் அது தேஜஸ்தான் என்று ராயப்பன் சபையில் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கோட்டைச் சிறை என்று உத்தரவு போட்டார்.

ராயப்பனுக்கு மறு வாரம் மகள் கல்யாணம். ஆனாலும் அவர் தலை குனிந்தபடியே சொன்னார்: "இடுக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்று எப்படி எசமான் சொல்வேன்?"

அப்போது எழுந்தார் அம்பலவாணர். ராஜாவோடு சதுரங்கம் ஆடுவதுதான் அரண்மனையில் அவருடைய உத்தியோகம். ராயப்பனைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திவானின் விசுவாசத்தைப் புகழ்ந்தார். இப்படிப்பட்டவருக்கு இதுவரை ஒரு மரியாதையும் செய்யவில்லையே என்று வருத்தப்பட்டார். மகாராஜாவின் கேமராவிலேயே திவானை ஒரு படம் எடுத்து மாட்டினால் என்ன என்று கேட்டார்.

ராஜா கட்டுப்பாட்டை நினைத்துக் கொஞ்சம் யோசித்தார். திவானின் ஆசை முகத்தைப் பார்த்ததும், "ஒரே ஒரு படம்" என்றார்.

திவான் மீசையை முறுக்கிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்பலவாணரே படம் எடுத்தார். ராயப்பன் இருட்டறையில் அதைக் கழுவிக் காயவைத்தார். வெயில் சாய்வதற்குள் படம் ராஜாவின் கைக்கு வந்துவிட்டது.

திவானின் தலையைச் சுற்றி அதே வெள்ளை வட்டம். அவர் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்ததாலோ என்னவோ, ராஜாவுக்கு விழுந்ததைவிட அழகாகவே பொருந்தியிருந்தது.

ராஜா படத்தைப் பார்த்தார். திவானைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். திவான் முறுக்கிய மீசையைக் கீழே தடவிவிட்டார்.

அம்பலவாணர் அருகில் வந்தார். "மகாராஜா, இது தேஜஸ் என்றால் செங்கோடைக்கு இன்று முதல் இரண்டு ராஜா. பழுது என்றால் ஒரே ராஜாதான். எது என்று தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

ராஜா வாயைத் திறப்பதற்குள் திவான் முந்திக்கொண்டார். "பழுதுதான் மகாராஜா. சுத்தமான பழுது. முதலில் என் கேமராவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்."

அவருக்குப் பின்னால் தாசில்தார் நின்றார், வைத்தியர் நின்றார். உறை பிரிக்காத கேமராவோடு தளவாயும் வரிசையில் நின்றார்.

ராயப்பன் முதலில் ராஜாவின் கேமராவைச் சரிசெய்து, அவரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். வட்டம் இல்லை. நரைத்த கிருதா தெரிந்தது, இரட்டை மோவாய் தெரிந்தது, அப்பாவைப் போலவே சற்று மாறுகண். ராஜா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக இந்த முகத்தை ஒருவரும் தன்னிடம் காட்டவில்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ராயப்பனுக்கு மகள் கல்யாணத்துக்குப் பட்டும் போக வண்டியும் கொடுக்கச் சொன்னார்.

பிறகு வரிசையைக் காட்டிக் கேட்டார்: "என் பெட்டியைச் சரிசெய்துவிட்டீர். இந்தச் சபையையும் இப்படி இலவசமாகச் சரிசெய்ய முடியுமா?"

பதில் அம்பலவாணரிடமிருந்து வந்தது.

"முடியாது மகாராஜா. செய்யும்போதே வந்த பழுதுக்குத்தான் கம்பெனி பொறுப்பு. இவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். இது வாங்கியவர் வைத்திருந்த விதத்தில் வந்தது."

ராஜா தொந்தி குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அம்பலவாணரிடம் கொடுத்தார்.

திவான், ராஜா சிரிப்பது உறுதிதானா என்று பார்த்துக்கொண்டு, அவரைவிடக் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்.